1868-ல் ஓய்வு பெற்றவர்

ஜி.எம். பிறந்தது 1926, ஓய்வு பெற்றது 1868 என்றது திரை.

சந்தானம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை.

1983 டிசம்பர். கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு மண்டபத்தில் ஹார்ட்வேர்காரர்களும் சாஃப்ட்வேர்காரர்களும் கூடிய மாநாடு. பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தானத்தின் புரோகிராம் மேடையேற வேண்டும். ஊழியரின் பிறந்த தேதியைத் தட்டினால், ஐம்பத்தெட்டு வயதாகி அவர் ஓய்வு பெறும் தேதியைச் சொல்லும். முதல் தேதியாக, சந்தானத்தின் கம்பெனி ஜெனரல் மானேஜர், ஜி.எம். பானர்ஜியுடையதையே தட்டுவது என்று மாநாட்டுச் செயலாளர் கோஷ், மரியாதை கருதி, முடிவு செய்திருந்தார்.

நன்றாக நடந்தால், கம்பெனியின் புதிய கம்ப்யூட்டர் பிரிவு சந்தானத்தின் கையில். சொதப்பினால் பழையபடி பெஹாலா கிடங்கில் நட்டும் போல்ட்டும் எண்ணவேண்டியதுதான். பதினோரு வருடம் எண்ணியாயிற்று. இன்னும் ஒரு நட்டை எண்ணச் சொன்னாலும் மனுஷர் அழுதுவிடுவார்.

கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருப்பது தெரிந்தது. மாற்றினார். ஜி.எம். 2068-ல் ஓய்வு பெற்றார். அதையும் திருத்தினார். இப்போது ஜி.எம்., டிரைவர், தோட்டக்காரர் மூவரும் ஒரே நாளில், பிப்ரவரி முப்பதாம் தேதி, கும்பலாக ஓய்வு பெற்றார்கள். மூன்றாவது தடவை கைவைத்தபோது மெஷின் தேதி சொல்வதையே விட்டுவிட்டு 'கீ' என்று கத்தியது. சந்தானத்துக்கும் அப்படித்தான் கத்தவேண்டும் போலிருந்தது.

மேடையில் பம்பாய்க்காரர்களின் மெஷின் ஒரு கடிதத்தை அச்சடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்த விரலைக் கொண்டுபோனார்கள். விளக்குகள் அணைந்தன.

"லோட் ஷெடிங்!" என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

"என்ன அருமையான மெஷின்! பாழாய்ப்போன கரண்ட்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். பம்பாய்க்காரர்கள் தியாகிகளாக இறங்கி வந்தார்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் பெங்களூர்க்காரர்கள் ஏறினார்கள். அவர்களுக்கும் அதே கதி, அதே கைதட்டல்.

சந்தானத்துக்கு உயிர் வந்தது. கல்கத்தாவில் பிறந்த யாருக்கும் தோன்றாத ஆசை அவருக்குத் தோன்றியது. மூன்று மணிக்குக் கரண்ட் போகவேண்டும்!

கோஷைத் தேடிப் பிடித்தார். கோஷ் வங்காளத்தில் பேச, இவர் இங்கிலீஷில் பதில் சொல்வார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

"கோஷ் பாபு, மூணு மணிக்குக் கரண்ட் போகுமா?"

"தெரியாதே, தாதா" என்று கோஷ் அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

"போகலாம், இல்லையா?"

"போகலாம்."

"நிச்சயமாப் போகுமா?"

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி சாவித்ரிக்கு மனம் தாளவில்லை. டாக்குரியாவிலிருந்து ஏழு மாமிகளைத் திரட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து உட்காரவைத்திருந்தாள். கணவரைவிட நன்றாகவே வங்காளம் பேசுவாள்.

"கோஷ் தாதா, கரண்ட் போயிடுமோன்னு இவர் ஒரு வாரமா சரியாச் சாப்பிடறதுகூட இல்லை. நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றாள்.

கோஷின் கண் கலங்கியது. நேரே போனுக்கு ஓடினார். மின்சார ஆபீசில் அவருடைய மைத்துனர் இருந்தார்.

"ஆச்சு, சந்தானம் பாபு! ரெண்டு மணிலேர்ந்து நாலு மணிவரைக்கும் இந்தத் தெருவிலே கரண்ட் போகாது. என் மைத்துனன் வாக்குக் கொடுத்துட்டான்!"

"ஐயையோ, எனக்காக எதுக்கு? அவாளுக்கெல்லாம் போச்சு, எனக்கும் போகட்டுமே. எல்லாருக்கும் ஒரே நியாயம்தானே!"

"எப்பேர்ப்பட்ட மனசு!" என்று கோஷ் அவரைக் கட்டிக்கொண்டார். "உங்களுக்காக ஒரு ஜெனரேட்டரும் வரவழைக்கிறேன்!"

இரண்டரை மணிக்கு ஜெனரேட்டர் வந்து இறங்கியது. சத்தம் மேடையில் கேட்குமே என்றார் சந்தானம். கோஷ் உடனே அதைத் தோட்டத்தின் கடைசி மூலைக்குத் தள்ளச் சொன்னார்.

"ஏன்னா, இப்படி வேர்த்துக் கொட்டறதே? இனிமே என்ன பயம்?" என்று சாவித்ரி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லை" என்று சந்தானம் நழுவினார்.

முன்வரிசையில் ஜி.எம். பானர்ஜி கால்மேல் கால் போட்டு, மிக நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சந்தானம் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம். யோசிக்க நேரமில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்ச் அறைக்குள் நுழைந்தார்.

உள்ளே மண்டபத்து எலெக்ட்ரீஷியன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இராஜமாணிக்கம் என்று பெயர் தைத்திருந்தது. தமிழ் முகம் என்றதும் சந்தானத்துக்குக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

"அண்ணே, ஒரு உபகாரம். மூணு மணிக்கு மேடையிலே என் மெஷின். சரியா மூணு அஞ்சுக்கு இந்த மெயினை அணைச்சுடணும். கம்பெனிக்காரங்க யாருக்கும் தெரியவேண்டாம். என் வாழ்க்கையே உங்க கையிலே இருக்கு. ஆனா ஜெனரேட்டர் வேற இருக்கே, அதை என்ன பண்றது?"

"அந்த வயரும் என்கிட்டதாங்க வந்து சேருது" என்ற இராஜமாணிக்கம், டீ கிளாஸை நிதானமாகக் கீழே வைத்தார். "ஆனா மூணு அஞ்சு வேறொருத்தருக்குங்க. ஏற்கெனவே சொல்லிவச்சுட்டுப் போயிட்டாரு."

"மூணு மணிக்கு மேடை எனக்குத்தானே! வேற யார் சொன்னா?"

"உங்க ஜி.எம். ஐயாதாங்க. மெஷினு அவரு அடுத்த வருசமே ரிட்டையராவுறதச் சொல்றதுக்குள்ள லைட்டு போயிரணுமாம். இதே மாதிரி கேட்டு வந்த பம்பாய்க்காரரு, பெங்களூர்க்காரரு எல்லாருக்கும் முன்னாடி, காலையில மொத ஆளா வந்தது அவருதாங்க!"