பாடப்பட்டதாகக் கருதப்படும் பாட்டு

மனித இனம் கூட்டம் போடத் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, எந்தக் கூட்டமும் நிகழ்ச்சி நிரல்படி நடந்து முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தக் களங்கத்தைத் துடைத்த பெருமை, ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில், போன ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கூடிய 'இரும்புச் சிறகுகள்' ராக் இசைக்குழு ரசிகர் மன்றத்தின் கேமரன் மலைக் கிளையையே சேரும். நிரலில் இருந்த இருபத்திரண்டு அங்கங்களில் இருபத்தொன்று எந்தக் குறையும் இல்லாமல் நிறைவேறின. விடுபட்டது ஒன்றே ஒன்று. அது பாட்டு.

இந்தச் சாதனைக்குப் பின்னால் நின்றவர் கிளைச் செயலாளர் புனிதன். அதே தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராணியாக, அதாவது ஆள்கணக்கு எழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிப்பதே அவருடைய வாழ்க்கையாக இருந்தது. ஓர் ஆள் எதிரிலேயே நின்று பல் குத்திக்கொண்டிருந்தாலும், பெயரைக் கூப்பிட்டு அவன் 'வந்துட்டேங்க' என்று சொன்னால்தான் புனிதனைப் பொறுத்தவரை அவன் வந்தவன். ஓய்வு பெற்ற பின் கூப்பிடுவதற்குப் பெயர்கள் இல்லாமல் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் மன்றம் வந்தது.

மன்றத்துக்கு அவர் எழுதிய கூட்டக் குறிப்பேடு ஒரு கலைப்படைப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டங்கள். இடதுபக்கம் நடந்தது. வலதுபக்கம் 'நடவடிக்கை' என்ற தலைப்பின் கீழே, அதைச் செய்த புண்ணியவானின் பெயர். ஏறக்குறைய எல்லா வரியிலும் வலதுபக்கத்தில் 'செயலாளர்' என்றே இருக்கும். புனிதன் சில மாலைகளில் அந்த வலதுபக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பார்ப்பதுண்டு.

இரும்புச் சிறகுகள் என்பது 1987இல் ஈப்போவில் ஐந்து இளைஞர்கள் இடுப்புவரை முடி வளர்த்துத் தொடங்கிய இசைக்குழு. அந்தக் காலத்தில் அவர்களுடைய பாட்டைக் கேட்பதே ஒரு கலகம். அப்பாமார் கேசட்டைப் பிடுங்கி நாடாவை உருவி வேலியில் கட்டினார்கள். இன்று அந்தக் கலகக்காரர்களுக்குச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வந்துவிட்டன. முடி போய்விட்டது. கலகம் மட்டும் எங்கும் போகவில்லை. அது முறைப்படி பதிவு பெற்று, தலைவர், துணைத் தலைவர், இரண்டு உதவித் தலைவர்கள், ஒன்பது செயலவை உறுப்பினர்களுடன் நலமாக இருக்கிறது.

குழுவின் புகழ்பெற்ற பாட்டு 'பனியே விலகு'. அதன் கடைசியில் பாடகர் லோகேஸ்வரன் 'விலகு' என்று ஒரு கத்து கத்துவார். அந்தக் கத்து பத்தொன்பது வினாடி நீள்கிறது என்பது புனிதனின் கொள்கை. பதினேழுதான் என்று மன்றத்திலிருந்த கம்போங் ராஜா ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இரண்டு வினாடி வேற்றுமையைச் சகித்துக்கொண்டு ஒரே மன்றத்தில் இருக்க மானமுள்ளவர்களால் முடியுமா? அவர்கள் பிரிந்துபோய்த் தனிக் கிளை கண்டார்கள்.

இந்தப் பாட்டுக்கு இன்னொரு ரசிகையும் இருந்தார். புனிதனின் மனைவி திலகம். உண்மையைச் சொன்னால் முதல் கேசட்டே திலகத்துடையது. அதை இரவல் கேட்கப் போய்த்தான் புனிதன் மாப்பிள்ளையானார். 1991இல் தானா ராத்தா திடலுக்குச் சிறகுகள் வந்தபோது, கல்யாணமாகி நாலு மாதம். திலகத்துக்கு அன்றைக்குத் தேயிலைத்தூள் பொட்டலம் கட்டும் இடத்தில் இரவு வேலை. லீவு கேட்டுப் பார்க்கலாமா என்று அவர் தயங்கி நின்றபோது புனிதன் சொன்ன வாக்கியம் அந்தக் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது:

"நான் ஒருத்தன் போய்ப் பார்த்தா நாம ரெண்டு பேரும் பார்த்த மாதிரிதானே."

போனார், பார்த்தார், வந்து சொன்னார். முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே லோகேஸ்வரனே தோட்டத்து மண்டபத்துக்கு வரச் சம்மதித்ததும், திலகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தத் தடவை நான் நேர்ல கேக்கணும்ங்க."

"நான் செயலாளரா இருக்கறப்போ உனக்கு என்ன கவலை" என்றார் புனிதன். திலகம் அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்பாட்டுக் கூட்டம் ஆறு முறை கூடியது. தலைவர் குகனேஸ்வரன் முட்டைக்கோஸ் லோரிகள் வைத்திருப்பவர். அவருடைய முதல் கேள்வியே ஆழமானது.

"பொன்னாடை யாராருக்கு?"

"லோகேஸ்வரன் அண்ணனுக்கு, தலைவரே" என்றார் புனிதன்.

"அவருக்கு மட்டும் போட்டா நாம என்னா, மொட்டைத் தோளோட மேடையில நிக்கிறதா?"

"அப்ப செயலவைக்கும் போட்டுருவோம்."

"கம்போங் ராஜாக்காரனுங்க வருவானுங்க. அவனுங்களுக்குப் போடலன்னா பேஸ்புக்ல எழுதுவானுங்க."

"போட்டுருவோம்."

"சிறப்பு விருந்தினர் டத்தோ வரலைன்னா?"

"நாற்காலிக்குப் போட்டுருவோம்" என்றார் புனிதன். சபை சிலிர்த்தது.

யார் மனமும் நோகக் கூடாது என்ற உயர்ந்த எண்ணத்தில் நிரல் இப்படித்தான் வளர்ந்தது. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, உறுப்பினர் பெயர் வாசிப்பு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், கிளை வரலாறு, பொன்னாடை மூன்று தவணை. பாட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி ஆறாவது கூட்டத்தில்தான் எழுந்தது. மிக உயர்ந்ததை முத்தாய்ப்பாக வைப்பதுதானே மரியாதை? இருபத்திரண்டாவது அங்கமாக, நன்றியுரைக்கும் பின்னால் வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஈப்போவிலிருந்து வேன் வந்து நின்றது. அறுபத்தெட்டு வயது லோகேஸ்வரன், காதை மூடும் கம்பளிக் குல்லாவோடு ஒரு கிட்டாரை அணைத்துக்கொண்டு இறங்கினார். தலைவர் குல்லாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"முடி எங்கண்ணே?"

"எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு தம்பி."

பிறகு அவர் புனிதனை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, முதல்ல ஒரு பாட்டு பாடிடட்டுமா? வர்ற வழியெல்லாம் பாடிப் பாடித் தொண்டைய சூடாக்கி வெச்சிருக்கேன். இந்தக் குளிர்ல உக்காந்தா போயிடும்லா."

"பாட்டு இருபத்திரண்டாவதுண்ணே" என்றார் புனிதன், ஆறுதலாக.

வேன் ஓட்டி வந்த வேலப்பனும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொன்னார். "அஞ்சரைக்கு மேல நான் இங்க நிக்க மாட்டேன். தாப்பா ரோட்ல பனி இறங்குனா முன்னாடி போற லோரி தெரியாது. பாட்டோ கூத்தோ, அஞ்சரை."

புனிதன் அதையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் தொடங்கியது. எண்பத்தாறு உறுப்பினர் பெயர்களும் பெரட்டு முறைப்படி கூப்பிடப்பட்டன. தாமதமாக வந்த நாலு பேருக்காக மறுபடி ஒருமுறை கூப்பிடப்பட்டன. முதல் தவணையில் லோகேஸ்வரன் மேல் நாலு பொன்னாடை விழுந்தது. இரண்டாம் தவணையில் மேலும் ஐந்து. மூன்றாம் தவணை முடிந்தபோது குல்லாவும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன. ஒரு காலத்தில் மேடையில் சட்டையைக் கழற்றி எறிந்ததற்காகப் பத்திரிகையில் கண்டிக்கப்பட்ட மனிதரை ஒரே மாலையில் பன்னிரண்டு துணிகளுக்குள் அடக்கிவிட்ட பெருமை கேமரன் மலைக் கிளைக்கே உரியது.

மேடையை ஒட்டிய சமையலறையில் திலகமும் பக்கத்து வீட்டு ருக்குமணியும் எண்பத்தாறு பேருக்கு மீஹூன் பிரட்டிக்கொண்டிருந்தார்கள். திலகம் கதவருகில் வந்து கேட்டார்.

"பாட்டு எப்பங்க? அடுப்ப அணைச்சிட்டு வரணும்."

"நாலே முக்கால்."

நாலே முக்காலுக்குத் திலகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். மேடையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாடசாமி 'ராக் இசையில் ஒழுக்கம்' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். முடியை வெட்டியிருந்தால் சிறகுகள் இன்னும் உயரப் பறந்திருக்கும் என்பது அவருடைய முடிவு. முடியே இல்லாத லோகேஸ்வரன் பணிவாகத் தலையாட்டினார். கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திலகம் உள்ளே போனார்.

ஐந்து பத்துக்கு மறுபடி வந்தார். டத்தோவின் காலி நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவர், "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று நாற்காலியைப் பார்த்தே சொன்னார். புனிதன் மனைவியை நோக்கி 'இதோ' என்று விரலைக் காட்டினார். அந்த விரலை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திலகம் உள்ளே போனார்.

ஐந்தேகாலுக்கு லோகேஸ்வரன் எழுந்து பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் மரியாதையாகச் சாத்தினார். வெந்துபோன தலைக்குக் காற்று வேண்டியோ என்னவோ, குல்லாவையும் கழற்றி அவற்றின் மேலே வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அவரே உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு உரைகளைக் கேட்பது போலவும் இருந்தது.

"தம்பி, தொண்டை கட்டிக்கிச்சு. சுடுதண்ணி கெடைக்குமா?"

"சமையலறையில இருக்குண்ணே. என் நன்றியுரை முடிஞ்சதும் நீங்கதான்."

"கிட்டாரையும் அடுப்புப் பக்கம் வெச்சு எடுத்தாறேன். குளிர்ல கம்பி சுருதி விலகிடுச்சு."

புனிதன் ஒலிபெருக்கியின் முன் போய் நின்று பட்டியலை விரித்தார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஐம்பத்து மூன்று பேர். தோரணம் கட்டியவர், தோரணம் கட்ட ஏணி கொடுத்தவர், ஏணியைப் பிடித்துக்கொண்டவர். ஒருவரையும் விட முடியாது. விட்டால் அடுத்த ஆண்டு கம்போங் ராஜாவின் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று கூடும்.

முப்பத்தோராவது பெயரில் இருந்தபோது சமையலறையிலிருந்து ஏதோ கம்பி அதிரும் சத்தம் வந்தது. தொடர்ந்து ஒரு குரல்.

"சகோதரிகளே" என்றார் புனிதன் ஒலிபெருக்கியில், "ரேடியோவக் கொஞ்சம் அடக்குங்க. முக்கியமான அங்கம் போயிக்கிட்டிருக்கு."

சத்தம் அடங்கவில்லை. ஏறியது. கூட்டத்தில் ஓரிருவர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு நிகழ்ச்சியின் கட்டுக்கோப்பு குலைவது இப்படித்தான் தொடங்கும் என்று முப்பத்து நான்கு வருட அனுபவம் அவருக்குச் சொன்னது. பட்டியலில் விட்ட இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தார். உள்ளே பார்க்கவில்லை. பார்த்தால் எந்தப் பெயரில் விட்டோம் என்பது மறந்துபோகும். தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினார். கதவு பொருந்தும் அந்த நொடியில் உள்ளே ஒரு நீண்ட கத்து எழுந்து, பலகைக்குப் பின்னால் மங்கியது.

சபை கைதட்டியது. புனிதன் முப்பத்திரண்டாவது பெயரை வாசித்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஐம்பத்து மூன்றும் முடிந்தன. "இப்போது நாம் ஆவலுடன் காத்திருந்த முத்தாய்ப்பு" என்று அவர் கையை நீட்டினார். பொன்னாடைக் குவியல் அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். பெரட்டில் மூன்று முறை கூப்பிடுவது வழக்கம் என்பதால் மூன்றாம் முறையும் கூப்பிட்டார். வெளியே வேனின் ஹார்ன் ஒருமுறை கேட்டது, பிறகு கீழே வளைவில் இன்னொருமுறை.

வேறொரு மன்றமாக இருந்தால் கலவரம் ஆகியிருக்கும். குகனேஸ்வரன் அப்படிப்பட்ட தலைவர் அல்ல.

"நேரமின்மை காரணமா, 'பனியே விலகு' பாடப்பட்டதா கருதப்படணும்னு நான் முன்மொழியறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் தலைமையாசிரியர் மாடசாமி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் பத்தொன்பது வினாடி நீடித்தது. கம்போங் ராஜாக்காரர்கள் பதினேழில் நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புனிதன் குறிப்பேட்டைத் திறந்தார். எதிரே திலகம் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே ஏதோ முனகிக்கொண்டிருந்தார். மெட்டு தெரிந்த மெட்டு. நடுவில் ஓர் இடம் மட்டும் கேசட்டில் இல்லாத மாதிரி வளைந்து இறங்கியது.

"அது என்னா வளைவு? பாட்டுல அப்படி இல்லியே."

"இன்னைக்கு அப்படித்தான் பாடுனாரு."

பேனா நின்றது.

"எங்க?"

"அடுப்புப் பக்கம். சுடுதண்ணி குடிச்சாரு, கம்பிய முறுக்குனாரு. வேன்காரரு பின்பக்கமா வந்து அவசரப்படுத்துனாரு. 'இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாடாமப் போறதா, நீங்க கேளுங்கம்மா'ன்னு உக்காந்துட்டாரு. ருக்குமணி சட்டிய வெளக்குறத நிறுத்திட்டா."

"கதவுக்கு அந்தாண்ட… நான் ரேடியோன்னு நெனச்சேன்."

"ரேடியோ இருமுமாங்க?"

புனிதன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, கொள்கைப் பிடிப்புள்ளவர் அல்லவா, மெல்லக் கேட்டார்.

"அந்தக் கத்து… எவ்வளவு இருந்துச்சு?"

"பதினொண்ணு இருக்கும். அதுக்கு மேல மூச்சு முட்டிடுச்சு. கண்ணுல தண்ணியா வந்துச்சு அவருக்கு. எனக்கும்தான்." திலகம் கோப்பையைக் கீழே வைத்தார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகப் போய்விட்டது போலும். எழுந்து வந்து தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"விடுங்கலா. நான் ஒருத்தி கேட்டா நாம ரெண்டு பேரும் கேட்ட மாதிரிதானே."

முனகிக்கொண்டே உள்ளே போனார். வளைந்து இறங்கும் அந்த இடத்தைப் பிடிக்கப் புனிதன் தனக்குள் இரண்டு தடவை முயன்றார். வரவில்லை.

குறிப்பேட்டின் கடைசி அங்கத்துக்குத் திரும்பினார். 'பாடல் பாடப்பட்டதாகக் கருதப்பட்டது' என்று ஏற்கெனவே எழுதியிருந்ததை அவர் ரூலர் வைத்து நேராக அடித்தார். கிராணி கை, கோணவில்லை. கீழே இடதுபக்கக் கட்டத்தில் எழுதினார்:

அங்கம் 22. பாட்டு. பாடிக்கொண்டிருக்கும்போது கதவு சாத்தப்பட்டது.

வலதுபக்கம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு அதையும் நிரப்பினார்.

நடவடிக்கை: செயலாளர்.