கிறிஸ்துமஸ் கச்சேரியில் நான் வாசித்த தனி

காஜா பெராங், மலாக்கா
25-12-1957

சிரம்பானில் குடும்பப் பாரத்தையும் சங்கீத சபைப் பாரத்தையும் ஒருசேரச் சுமந்துகொண்டிருக்கும் மூத்த மச்சான் சேதுபதி அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை சாரதாம்பாளின் வீட்டுக்காரன் மருதமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் தேக சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே அக்காவின் முழங்கால் வலி குறைந்து, குழந்தைகள் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டுப் படிக்கிறார்கள் என்று தங்கள் கையால் எழுதி வந்தால் எங்களுக்கு மெத்த ஆறுதலாக இருக்கும்.

மரியாதைப் பகுதி முடிந்தது, மச்சான். இதற்கு மேல் என்னால் அடக்க முடியாது. உங்கள் மருமகள், என் பெண் கோகிலா, என்னோடு பேசி இன்றோடு மூன்று நாள் ஆகிறது. சோறு போடுகிறாள், சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். பத்தொன்பது வயதில் இவளுக்கு இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து கோகிலாவிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் உலகத்தில் பயப்படுவது தாய்மாமன் ஒருவருக்குத்தான். திரும்பிப் போகும்போது என் மிருதங்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். சபையில் கற்றுக்கொள்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் இனித் தோல் கட்டின எந்த வாத்தியத்தையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஊஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் லாசரூ என்று ஒரு பெரியவர், ரிட்டையரான சங்கீத வாத்தியார். நாலு வருஷம் உட்கார்ந்து கிறிஸ்து பிறப்பைப் பற்றி ஒரு பெரிய உருப்படி எழுதியிருக்கிறார். பாட நாற்பது பேர், வாசிக்க இருபத்திரண்டு பேர், ஒரு மணி நேரம் நிற்காமல் போகும். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷத்திலேயே மலாக்காக்காரர்களை வைத்தே அதை அரங்கேற்ற வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரே பிடிவாதம். கோகிலாவின் குரலை எப்படியோ கேட்டுவிட்டு அவளைக் கோஷ்டியில் சேர்த்து, தேவதூதர் வாய்திறக்கிற இடத்தை முழுக்க அவளுக்கே தனியாகக் கொடுத்துவிட்டார். சரி, நம்ம கீர்த்தனை பாடச் சொன்னால் தலைவலி என்று ஓடுகிற பெண் இதையாவது பாடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறாள். பெரிய டிரம் வாசித்த பட்டாளத்துப் பேண்டுக்காரர் மாற்றலாகிக் கப்பலேறிவிட்டாராம். "டிரம் இல்லேன்னா கச்சேரியே இல்லேன்னு சார் சொல்லிட்டாருப்பா" என்றாள். நான் உடனே, "முப்பது வருஷமா மிருதங்கம் வாசிக்கிறவன் வீட்டுக்குள்ளேயே இருக்கேன், எதுக்கம்மா அழுவுறே?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

மச்சான், அந்த வாத்தியத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! கல்யாண வீட்டில் பாயசம் வைக்கிற அண்டா சைஸில் இரண்டு செம்புப் பாத்திரம், வாயில் தோல் கட்டி, சுற்றிலும் திருகாணி. ஒன்று ஷட்ஜமம், மற்றது பஞ்சமம். அடிக்கக் குச்சி, நுனியில் பஞ்சு உருண்டை. அடித்தால் வயிற்றுக்குள் கேட்கிறது. முதல் ஒத்திகைக்குப் போனவன், பெரிய அண்டாவில் நாதம் கொஞ்சம் வறண்டிருக்கிறதே என்று, நாம் மிருதங்கத்தின் இடதுபக்கத் தொப்பியில் வைப்பது போல ரவையைப் பிசைந்து நடுவில் அப்பினேன். லாசரூ சார் ஓடிவந்து இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரவை என்றேன். ரவைக்கு ஆங்கிலம் அந்தச் சமயத்தில் நினைவுக்கு வரவில்லை. கோகிலா தன் கைக்குட்டையால் சுரண்டி எடுத்தாள். அதுகூடப் பரவாயில்லை, பெரிய கஷ்டம் வேறே. எனக்கு அவர்கள் எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் கோகிலா ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைப் படித்துப் பார்த்தால் நூற்றுப்பன்னிரண்டு எண்ணும் வரை சும்மா நிற்க வேண்டும், பிறகு மூன்று அடி. மறுபடி எண்பத்தாறு சும்மா, ஒரு உருட்டல். சும்மா நிற்பதற்கு ஒரு மிருதங்கக்காரன் எதற்கு, ஒரு தூணை நிறுத்தினால் போதாதா? நான் கையில் தாளம் போட்டு எண்ணினேன். முன்னால் நின்ற கட்டைக் குரல்காரர்கள் எட்டுப் பேர் லாசரூ சாரின் குச்சியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் கோகிலா சொன்னாள்: "அப்பா, என் பாட்டு மூணே நிமிஷம். அந்த மூணு நிமிஷம் நீங்க மேடையில இருக்கிறதே யாருக்கும் தெரியக்கூடாது. எனக்காக இது ஒண்ணு செய்ங்க." செய்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் துரைமார்கள், துரைசானிகள், நடுவில் சீன வியாபாரிகள் குடும்பத்தோடு, பின்னால் நம்ம ஆட்கள். நம்ம பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியிலிருந்து வந்த கலியாணசுந்தரம் தன் ஆட்களோடு ஒரு பெஞ்சை முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்செல்லாம் மலாய்தான், தமிழ் நாலு வார்த்தை வரும். ஆனால் கோயில் மேளம் கேட்டு வளர்ந்த காது. லாசரூ சார் குச்சியைத் தூக்கினார். என்ன சொல்வேன் மச்சான்! இருபது பிடிலும் குழலும் ஒன்றாகக் கிளம்பி, அதன் மேல் நாற்பது குரல் நாலு ஸ்தாயியில் ஏறி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாமல், மோதாமல், மாடிக்கு மாடி கட்டிக்கொண்டே போகிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செடுத்து எண்ணிக்கை இரண்டு தரம் விட்டுப்போய், பிடில்காரர் முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். என் மூன்று அடி மூன்று அடியாக விழுந்தது. உருட்டல் உருட்டலாக விழுந்தது. இப்படி ஒரு சங்கீதம் இருக்கிறதை நாற்பத்தெட்டு வயது வரை யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பாட்டு உச்சத்துக்குப் போய் டக்கென்று நின்றது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பாட்டு இல்லை, பிடில் இல்லை, குழல் இல்லை. லாசரூ சார் இரண்டு கையையும் மெதுவாக இறக்கி, தலையை நிமிர்த்தி, நேரே என்னைப் பார்க்கிறார்.

நீங்களே சொல்லுங்கள், நீங்கள் சபை நடத்துகிறவர். எல்லோரும் நிறுத்திவிட்டுப் பிரதானப் பாடகர் மிருதங்கக்காரனைப் பார்த்தால் என்ன அர்த்தம்? தனி ஆவர்த்தனம் விட்டிருக்கிறார், வாசியப்பா என்று அர்த்தம்! ஒரு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு மரியாதை செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் சபையே மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு கோகிலா தனியாக எடுக்க வேண்டும் என்று அவர்கள் ஏற்பாடாம். எனக்கு யார் சொன்னது? இரண்டு ஒத்திகையிலும் அந்த இடம் வந்ததும் தேத்தண்ணி குடிக்க விட்டுவிட்டார்கள்.

ஆரம்பித்துவிட்டேன். ஆதி தாளம். முதலில் அடக்கமாகத்தான். சின்ன அண்டாவை வலந்தலையாகவும் பெரிய அண்டாவைத் தொப்பியாகவும் வைத்துக்கொண்டேன். இரண்டாவது ஆவர்த்தனத்தில் குச்சி தொந்தரவாக இருந்ததால் கீழே போட்டுவிட்டுக் கையால் வாசித்தேன். முழங்கையால் தோலை அமுக்கினால் கும்கி நாதம் வருகிறது மச்சான், என்ன கும்கி, புலி உறுமுவது போல! பின்னாலிருந்து கலியாணசுந்தரம் "பாகூஸ், அபாங், பாகூஸ்!" என்று மலாயில் பலே சொல்லித் தொடையில் தாளம் போடுகிறார், அந்தப் பெஞ்சே போடுகிறது. ஓரக்கண்ணால் பார்த்தேன். லாசரூ சார் தன்னுடைய குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் நிற்பவரைப் போல நின்றார். மோரா வைத்து, தனியை முடிக்கிற கோர்வைக்குப் போனேன். மூன்று தீர்மானமும் அட்சர சுத்தமாக, ஒரு மாத்திரை முன்னே பின்னே இல்லாமல், தராசில் நிறுத்தாற்போல் வந்து விழுந்தது. என் ஆயுசில் இப்படி வாசித்ததில்லை. மொத்தம் முக்கால் நிமிஷம் இருக்கும். உங்கள் தங்கை நாலு நிமிஷம் என்கிறாள். அவளுக்கு எப்போதும் மிகைப்படுத்துகிற சுபாவம்.

இப்போதுதான் முக்கியமான விஷயம். என் கடைசி அடி விழுந்த அதே இடத்தில், சமத்தில், நூல் பிசகாமல், கோகிலா எடுத்தாள்! மற்ற அறுபது பேரும் வாயைப் பிளந்துகொண்டு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழிக்கிறார்கள், என் பெண் ஒருத்தி மட்டும் தேவதூதர் மாதிரி நிமிர்ந்து நின்று, ஷட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக மேலே ஏறுகிறாள். தாளமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த பெண், அத்தனை வருஷமும் பக்கத்து அறையில் இருந்துகொண்டு என் சாதகத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்! நான் அண்டா மேல் கை வைத்தபடி நின்று விக்கி விக்கி அழுதேன். பின்னால் வந்த உருட்டல் இரண்டையும் விட்டுவிட்டேன்.

முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. முன்வரிசைத் துரைசானி ஒருவர் மேடைக்கே ஏறிவந்து, அந்த டிரம் பகுதியை எழுதத் தங்களுக்கு எப்படித் தோன்றியது என்று லாசரூ சாரைக் கேட்டார். அவர் முகம் சிவந்து, தலையைக் குனிந்து, தேங்க் யூ மேடம் என்றார். ஒரு கூஜா தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கோகிலாவிடம் போய், "அம்மா, எப்படி எடுத்தே நீ!" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான். சபையில் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேன், செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். எனக்குத் தூக்கமில்லை மச்சான். அவள் குரலைக் கேட்காமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஆகவே மிருதங்கத்தைத் துணியில் சுற்றிக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். தாங்கள் தயவுசெய்து ஞாயிறன்று வந்து எனக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் எல்லோரும் நூறு வயது நல்லபடியாக வாழ எங்கள் ஆசீர்வாதம். தங்கள் சபை மேன்மேலும் ஓங்க முருகப்பெருமான் துணை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
கி. மருதமுத்து

பின்குறிப்பு: மச்சான், ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். மேலே எழுதியது எதையும் நம்பவும் வேண்டாம். இப்போதுதான் கோகிலா லாசரூ சார் வீட்டுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லப் போய்விட்டு, கேக்கோடு வந்தாள். வாசலில் மூட்டையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, எனக்குக் கோபமே இல்ல. மூணு நாளா ஒண்ணு சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு பயந்தேன்" என்றாள். சொல்லம்மா என்றேன். "மூணாவது தீர்மானத்துல ஒரு மாத்திரை முழுங்கிட்டீங்க. சரியா எண்ணி எடுத்திருந்தா உங்க கடைசி அடி அந்தரத்துல நின்னிருக்கும். அதான் நான் ஒரு மாத்திரை முன்னாடியே பாய்ஞ்சு எடுத்தேன்." விரலில் எண்ணிக் காட்டினாள். நானும் எண்ணினேன். மூன்று தரம் எண்ணினேன். அவள் சொன்னதுதான் சரி. அவளே மூட்டையை அவிழ்த்து மிருதங்கத்தை என் மடியில் வைத்துவிட்டாள். மாமா காதுக்கு மட்டும் இது போகக்கூடாது, முப்பது வருஷ மானம் போய்விடும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றாள். அவள் சொல்லவே இல்லை மச்சான், நான்தான் எழுதிவிட்டேன்.