மூச்சும் ழகரமும்

வானொலியில் செய்தி வாசிப்பவர் அவர். எது போனாலும் ழகரம் போகக்கூடாது. அவர் 'மழை' என்று சொன்னால் கேட்பவர்கள் குடையைத் தேடுவார்கள்.

அந்த நாக்குக்குத்தான் வந்தது சோதனை. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் மெஷினை டாக்டர் கொடுத்தார். புயல் அடிக்கிறது என்று இவர் பிடுங்கிப் போட்டார். அப்படியானால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பிளேட் ஒன்றையும் பல்லில் மாட்டுங்கள், தொண்டை திறந்துகொள்ளும், காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்றார் டாக்டர். மாட்டிப் பார்த்தார். 'பழம்' 'பலம்' ஆகிவிட்டது. மனிதர் ஆடிப்போனார். ராத்திரிக்கு மட்டும்தானே என்றாள் மனைவி. ராத்திரிப் பழக்கம் பகலிலும் ஒட்டிக்கொண்டால் பிழைப்பு என்னாவது என்றார் இவர்.

ரகசியமாக ஒரு திட்டம் போட்டார். விளக்கை அணைத்ததும் பிளேட் தலையணைக்கு அடியில் போகும், மாஸ்க் பக்கத்தில் கிடக்கும். மெஷின் மட்டும் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

"ஏங்க, வெளியில என்ன சத்தம்?" என்றாள் அவள் இருட்டில்.

"மழை," என்றார் கணீரென்று.

விளக்கு எரிந்தது.

"பிளேட்டோட இவ்வளவு சுத்தமா 'ழ' வருதா?"

திருதிருவென்று விழித்தார். சண்டைக்குத் தயாரானார். சண்டை வரவில்லை.

"எங்க அண்ணன் குறட்டைய கேட்டு வீடே சிரிக்கும். ஒருநாள் காலையில சத்தமே இல்ல. நல்லா தூங்கறார்னு கதவ சாத்திட்டு வந்தவ நான்தான். அதுக்கப்புறம் எனக்கு ஏதுங்க தூக்கம்? உங்க மூச்சு நிக்கும்போதெல்லாம் உலுக்கி விடறது யாருன்னு நினைச்சீங்க?"

இத்தனை வருடமும் கொசு கடித்துத்தான் விழிப்பு வருகிறது என்று நினைத்திருந்தார். கொசுவுக்குச் சாபம் வேறு கொடுத்திருக்கிறார். எழுந்து போய் பிளேட்டைக் கழுவி மாட்டினார். மாஸ்க்கையும் இழுத்துக் கட்டினார். விளக்கு அணைந்தது. காற்று இதமாகத்தான் வந்தது.

பக்கத்தில் விசும்பல் கேட்டது. ஊர் உலகத்துச் செய்தியெல்லாம் வாசித்தவருக்கு அப்போது ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"அலாதம்மா."

விசும்பல் நின்றது.

"ம், இப்ப ஒழுங்கா மாட்டியிருக்கீங்க," என்றாள் அவள். அடுத்த நிமிடமே குறட்டை கேட்டது. அவளுடையது.