வாத்தியாருக்கு ஒரு லைசென்ஸ்

“உண்மையைச் சொன்னது ஒரு தப்பாம்மா?” என்று போனைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் கேட்டார் வாத்தியார்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபது வருஷமாக ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்து மாநிலத்து டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் தலைமை வாத்தியார் வேலை கிடைத்து, மூட்டை முடிச்சோடு ஊர்க்கோடியில் ஒரு வாடகை வீட்டில் வந்து இறங்கி ஐந்து நாள்தான் ஆகிறது.

“யார்கிட்ட என்ன சொன்னீங்க?”

“இன்சூரன்ஸ்காரன்கிட்ட. மாநிலம் மாறிட்டேன்னேன். ‘ரொம்ப நன்றி சார், உங்க பாலிசிய ரத்து பண்ணிட்டோம்’னுட்டான்.”

“அவன் கேட்டானா?”

“கேக்கல.”

“கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. நான் கேட்டா மட்டும் காது கேக்காது.”

புது பாலிசிக்குப் புது மாநிலத்து லைசென்ஸ் வேண்டுமாம். மறுநாள் பஸ் பிடித்து லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார். கவுன்டர் அம்மா பழைய லைசென்ஸை வாங்கி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதில் ஓட்டை போட்டார். ஓட்டை சரியாகப் படத்தின் மூக்கில் விழுந்தது.

“இனிமே இது செல்லாது. டெஸ்ட் ஓட்டிக் காட்டுங்க.”

“நானா? மேடம், நான் ஆயிரம் பேர டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனவன்.”

“அப்ப வழி தெரியும். இன்சூரன்ஸ் இருக்கிற காரா கொண்டாங்க.”

லைசென்ஸ் இருந்தால் இன்சூரன்ஸ்; இன்சூரன்ஸ் இருந்தால் லைசென்ஸ். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கமும் கதவு திறக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஸ்கூல் முதலாளியிடமே கார் கேட்டார்.

முதலாளி வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தார். “தலைமை வாத்தியார்னு போர்டே மாட்டிட்டேன் சார். சரி, நாளைக்கு நம்ம ஸ்டூடன்ட்ஸ் நாலு பேர் டெஸ்டுக்குப் போறாங்க. கூடவே நீங்களும் போயிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் வகுப்புல மாட்டியிருக்கிற சிக்னல் படங்களத் துடைச்சு வைங்க.”

மறுநாள் நாலு பேரும் பாஸ். ஸ்டியரிங்கைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் தையல்கார அம்மாகூட பாஸ். அடுத்தது வாத்தியார். விறுவிறுவென்று போய் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.

“பதட்டப்படாதீங்க. கண்ணாடிய சரி பண்ணிட்டு, மெதுவா எடுங்க” என்றார்.

ஜன்னலில் குனிந்தார் டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி. “நான் எடுத்தா லைசென்ஸ் எனக்குத்தான் வரும். ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கு.”

அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தும் பலனில்லை. சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருப்பது பிரேக் ஒன்றுதான். இருபது வருஷமாக அதையே மிதித்துப் பழகிய கால், கிளட்ச் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தது. கார் குலுங்கி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. மூன்றாவது முறை, ஓரமாக நின்றிருந்த தையல்கார அம்மா பொறுக்க முடியாமல் கத்தினார்: “கிளட்ச் சார், கிளட்ச்!”

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “எல்லாரும் பாஸா?”

“நாலு பேர் பாஸ்.”

“எத்தனை பேர் போனீங்க?”

வாத்தியார் முகம் கழுவப் போய்விட்டார். கண்ணாடியில் தெரிந்தவரைப் பார்த்து, “வாங்க, தலைமை வாத்தியாரே” என்றார். அவரால் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு வாரம், தினமும் மாலையில் தையல்கார அம்மா ஸ்கூல் காரில் அவரை மைதானத்துக்கு அழைத்துப் போனார். “பயப்படாதீங்க சார், எல்லாம் போகப் போகப் பழகிடும்” என்றார். எல்லோரிடமும் வாத்தியார் சொல்லும் அதே வார்த்தை. தன் வாயிலிருந்து வந்தபோது அது இவ்வளவு எரிச்சலூட்டும் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.

இரண்டாம் முறை பாஸ். துள்ளிக்கொண்டு கவுன்டருக்குப் போனார்.

“அட்ரஸுக்கு ஆதாரம்?” என்றார் கவுன்டர் அம்மா.

“வாடகைப் பத்திரம் இருக்கு மேடம்.”

“அதெல்லாம் வேணாம். கரண்ட் பில் கொண்டாங்க.”

குடி வந்து மூன்று வாரமாகியும் பில் வரவில்லை. வேறு வழியில்லாமல் மின்சார ஆபீசுக்கு நாலு முறை போன் போட்டு, கெஞ்சி, கடைசியில் கத்தியும் பார்த்தார். மறுநாள் காலை மீட்டர் ரீடர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மீட்டரைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். வாசலுக்குப் போய்த் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“சார், இது எங்க மீட்டரே இல்ல.”

“பின்ன யாரோடது? சீக்கிரம் ஒரு பில்லக் குடுப்பா, எனக்கு லைசென்ஸ் வாங்கணும்.”

“நான் எப்படி சார் குடுக்கறது? இந்தத் தெரு நடுவுலதான் எல்லை போகுது. எதிர் வரிசைதான் எங்க மாநிலம். நீங்க இன்னும் உங்க மாநிலத்த விட்டே வரல!”