வாயால் ஒரு பீப்

மூன்று தடவை அழுத்தியாகிவிட்டது. ராஜாத்தியின் நெற்றிக்கு நேரே நீட்டிய காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியில் சத்தமும் இல்லை, நம்பரும் இல்லை. கருணாகரனுக்கு வியர்த்தது.

கல்மண்டபம் பக்கத்து இறால் கம்பெனியில் அவர் வாட்ச்மேன். ஏற்றுமதிச் சரக்காயிற்றே, கொரோனா போயும் இந்த வழக்கம் போகவில்லை. இறால் உரிக்கும் முப்பது பெண்களுக்கும் தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இது பழுதானால் சுவரில் மாட்டும் மிஷின் வாங்கிவிடலாம், வாட்ச்மேன் பின்பக்க மோட்டார் ரூமைப் பார்க்கட்டும் என்று மேனேஜர் உபைதுல்லா சொல்லி வைத்திருந்தார். அங்கே பேச்சுத்துணைக்கு மோட்டார்தான். வீட்டில் அதுவும் இல்லை. மனைவி நீலா போய்ச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் மூடிய வாயை அவர் திங்கட்கிழமைதான் திறக்கிறார்.

"பீப்" என்றார் வாயாலேயே. நம்பருக்கு எங்கே போவது? "நைட்டு தூங்கினியாம்மா? மூஞ்சி ஏன் வாடிக் கீது?"

ராஜாத்தி அவரையே பார்த்தாள். "தூங்கினேன் நைனா."

97.8 என்று எழுதினார். எல்லாருக்கும் அதே விசாரிப்பு, அதே 97.8.

மறுநாள் காலை, கண்ணாடி இல்லாமல் தடவித் தடவிப் புது பேட்டரி செல் போட்டார். ம்ஹூம், உயிர் வரவில்லை. வாய்தான் கதி என்றாயிற்று.

ஒரு வாரம் கழித்து உபைதுல்லா நோட்டைப் புரட்டினார். "இன்னாண்ணே, அத்தினி பேருக்கும் ஒரே நம்பரா?"

பயந்துபோன கருணாகரன், அடுத்த நாள் கௌசருக்கு 101 போட்டார். அவள் சம்பளத்தோடு லீவு வாங்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாள் ஒன்பது பேர் இருமிக்கொண்டே நெற்றியை நீட்டினார்கள். இல்லை என்று சொல்ல மனசு வருமா? ஒன்பது பேருக்கும் 101. உள்ளே இறால் உரிக்க ஆளில்லாமல் குவிந்தது.

மறுநாள் காலை வரிசையின் நடுவே உபைதுல்லா ஓடிவந்தார். "ஊருக்கே காய்ச்சலா? எங்க, எனக்குப் பாருங்க."

கருணாகரன் நீட்டினார். "பீப்."

"மிஷினு கத்துச்சா, நீங்க கத்துனீங்களா?" உபைதுல்லா அதைப் பிடுங்கிச் செல் மூடியைத் திறந்தார். "உள்ள ஸ்ப்ரிங்கையே காணோமே. பேஜாரு பண்ணிட்டீங்கண்ணே. நாளைலேந்து மோட்டார் ரூமுக்குப் போங்க."

கருணாகரன் வரிசையில் நின்ற முகங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ராஜாத்தி முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சின்ன ஸ்ப்ரிங்கை எடுத்து மேனேஜர் கையில் வைத்தாள்.

"மொத நாளு செல்லுதான் சார் தீந்துது. அன்னிக்கு சாயங்காலமே இத்த நாந்தான் கழட்டினேன். தூங்கினியா, மூஞ்சி ஏன் வாடிக் கீதுன்னு கேக்க எங்களுக்கு மட்டும் வூட்ல யாரு சார் கீறா?"