அறுபது வயது ஓடுகள்

ருவான்வெல்லைப் பக்கம் பாரம்பரியக் கிராமிய மண்டபம் ஒன்று கட்டுவதென மேலிடம் தீர்மானித்தது. ஓடும் கல்லும் பழைய கட்டடங்களில் கழற்றியவையாக, அறுபது வயதுக்குக் குறையாதவையாக இருத்தல் வேண்டும் என்றது சுற்றறிக்கை. தேடிப்பிடிக்கும் பொறுப்பு அடியேன் உருத்திரமூர்த்திக்கு. வடக்கிலிருந்து வந்து ஆறு வருடமாகக் கோப்புகளைக் கட்டி அவிழ்ப்பவனுக்கு ஓட்டைப் பற்றி என்ன தெரியும்? ஒழுகும் என்று தெரியும். அந்தத் தகைமை போதும் என்றார்கள்.

வரக்காப்பொல வரை அலைந்தேன். ஒரு கடைக்காரர் புது ஓட்டில் சாணித் தண்ணீர் தெளித்துத் தருவதாகச் சொன்னார். நேர்மையான மனிதர். "எத்தனை வயசு வேணும்?" என்றும் கேட்டார்.

கடைசியில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பால் வெட்டும் விஜயகலாவின் தலைக்கு மேலே அசல் ஓடுகளைக் கண்டேன். வயதுக்கு அத்தாட்சி என் மேசையிலேயே இருந்தது: அறுபது வருடக் கூரை பழசாகி ஒழுகுகிறதென்று ஆறு வருடமாக அவர் எழுதிய மனுக்கள். ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை.

"மனுவுக்குத்தான் வந்தீங்களா ஐயா?"

"ஓம் தங்கச்சி. ஓட்டைக் கழற்றப் போறம்."

"அப்ப எங்களுக்கு?"

"இரண்டு கிழமைக்குள்ள தகரம் வரும்."

"வாசப்படிக் கல்லையும் பேத்து எடுக்குறாங்களே!"

"அதுவும் பாரம்பரியம்தான்."

தகரம் வரவில்லை. கூரை திருத்தும் படிவத்தில் 'தற்போதைய கூரையின் நிலை' என்றொரு கட்டம் உண்டு. கூரையே இல்லாத வீட்டுக்கு அதை எப்படி நிரப்புவது? திருப்பி அனுப்பினேன். விஜயகலா குடும்பம் ஒன்றரை மாத மழையைத் தார்ப்பாய்க்குக் கீழே கழித்தது.

மண்டபம் எழுந்தது. ஓடுகளுக்கு இலக்கமும், சான்றிதழும், நிரந்தர முகவரியும் வழங்கினோம். திறப்பு விழாவுக்கு முதல்நாள் போனால், உள்ளே விஜயகலா அடுப்பு மூட்டியிருக்கிறார். பாயில் பிள்ளைகள்.

"இங்க இருக்க ஏலாது தங்கச்சி!"

"எங்க கூரை இங்கதானுங்களே இருக்கு."

அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரி வந்து இறங்கினார். புகையை ஆழ இழுத்துப் பரவசமானார்.

"அசல் கிராமியம்! இவர்களும் பட்டியலில் உண்டா?"

எனக்கு வேலை முக்கியம். "உண்டு, சேர்."

"வயது?"

"இந்தத் தோட்டத்தில் ஐந்து தலைமுறை."

"அப்படியானால் தகுதி உண்டு."

அன்று மாலையே சாமான் பட்டியலில் பதிந்தேன்: ஓடு நாலாயிரம், கருங்கல் அறுபத்திரண்டு, குடும்பம் ஒன்று. அடுத்த கிழமை விஜயகலாவின் பெயருக்கு, மண்டபத்தின் முகவரியிட்டுச் சான்றிதழ் வந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து வெலாசம் கேட்டோமுங்க. சாமானா ஆனதும் குடுத்துட்டீங்க."

நான் குடையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அலுவலக வாசலில் தோட்டத்து ஆட்கள் நாற்பது பேர். "எங்களையும் சாமானா எழுதிக்குங்க ஐயா." சிரிக்க நினைத்தேன், முடியவில்லை. முதலாவதாக நின்ற முத்துவீரனிடம் சாமான் படிவத்தை வாசித்தேன்.

"கழற்றி எடுக்கக்கூடியதா?"

"எங்கள எப்ப வேணும்னாலும் கழட்டலாங்க," என்றார் அவர். "கழட்டினவங்க திருப்பி மாட்டினதுதான் இல்ல."

'ஆம்' என்று எழுதிச் சீல் குத்தினேன். படிவத்தில் அதற்குமேல் இடமில்லை.