நான் மிச்சம் பிடித்த கமிஷன்

வாயை மூடிக்கொண்டிருப்பதற்காக ஒருவருக்குக் காசு கொடுக்கலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இன்று கேட்டதைக் கொடுப்பேன். என்ன பிரயோசனம்?

என் மாமனார் சேலத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரே ஆசையைத்தான் வெளியே சொன்னார். ஏற்காட்டுக் குளிரில் சின்னதாக ஒரு வீடு. நாகலூர்ப் பக்கம் இருபது சென்ட் நிலத்தைப் புரோக்கர் ஒருவர் காட்டினார். மாமா சமையலறை எங்கே வரும் என்று அங்கேயே குச்சியால் கோடு போட்டார். புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்டார்.

"கூட வந்து நின்னதுக்கா? நானே பேசி முடிக்கிறேன் மாமா" என்றேன். (அதுவரை நான் பேசி முடித்தது எதுவுமில்லை. கீரைக்கார அம்மாவே என்னைக் கண்டால் விலையை ஏற்றுவார்.)

அடுத்த ஞாயிறு, புரோக்கருக்குத் தெரியாமல் நிலத்துக்காரர் கோவிந்தன் வீட்டுக்குப் போனோம். பட்டா அவர் பெயரிலும் தங்கை பொன்னம்மா பெயரிலும் கூட்டாக இருந்தது. தங்கையும் கையெழுத்துப் போட வேண்டுமே என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"அவளுக்கு எதுக்குங்க பங்கு? கண்ணாலத்துலயே எல்லாம் வழிச்சுக் குடுத்தாச்சு. சரி, போய்க் கேட்டுப் பாருங்க."

பொன்னம்மா இருந்தது மலையடியில், குப்பனூரில். வளைவு வளைவாக இறங்கியதில் மாமாவுக்குத் தலை சுற்றியது. பொன்னம்மா காப்பி கொடுத்தார், கையெழுத்துப் போடவும் சம்மதித்தார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். நான் அவர் பக்கத்து ஆள் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

"உங்கண்ணன் உங்களுக்குப் பங்கே இல்லைன்னாருங்க. நான்தான் விடலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க சாமி. நான் இருக்கற வரைக்கும் அந்தக் காட்டு நெலத்துக்குக் கையெழுத்து இல்லீங்க."

மாமா காப்பியைக் குடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் குடித்தேன்.

மறுநாள் புரோக்கரின் காலில் விழாத குறை. அவர் அலுப்போடு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அவுரு பேசறது, அந்தம்மா பேசறது எல்லாத்தையும் மூணு வருசமாக் கேக்கறனுங்க. ஒரு வார்த்த இங்கிருந்து அங்க போயிருக்குமா? பத்திர ஆபீசுக்குக்கூட ரெண்டு பேரையும் வேற வேற பஸ்ல வரச் சொல்றதா இருந்தனுங்க. அதுக்குத்தானுங்க கமிஷன். இனி நொம்பக் கஷ்டமுங்க."

கஷ்டமென்ன, முடியவே இல்லை. நிலம் இன்றும் அப்படியே கிடக்கிறது. மாமா சேலத்தில் அதே பழைய வாடகை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார்.

இப்போது என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். போன வாரம் கல்யாணத் தரகர் தன் கமிஷனைச் சொன்னார். கொஞ்சம் அதிகமாகப் பட்டது. நான் தொண்டையைச் செருமியதுதான் தாமதம், வரன் விஷயமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமாவின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது.

"கேட்டதக் குடுத்துருங்க மாப்ள. இவளாச்சும் ஒரு ஊடு போய்ச் சேரட்டும்."